நொதிகளுக்கு வேலையே விலாசம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் இருந்தது மெத்தனால் என்று செய்திகள் சொல்லின. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மெத்தனால் அப்படியே உடம்பில் கிடந்து வெளியேறிவிட்டால் பெரிய சேதம் செய்யாது. கொல்லும் பொருள் குடித்தவரின் கல்லீரலில்தான் தயாராகிறது. அதைத் தயாரிக்கும் முதல் கை ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி. பதிவான நொதிகளுக்கெல்லாம் உலக அளவில் நான்கு பகுதி கொண்ட ஓர் எண் உண்டு. 1.1.1.1 என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் முதல் வரியே இந்த நொதிதான்.

அதன் உள்ளே ஒரு சிறு குழியில் துத்தநாக அணு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஆல்கஹால் மூலக்கூறு ஒன்று வந்தால் அதன் ஆக்சிஜன் முனையை அது பிடித்துக்கொள்ளும். பக்கத்திலேயே காத்திருக்கும் என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எலக்ட்ரான்களோடு பறித்துக்கொள்ளும். வந்தது எத்தனால் என்றால் அசிட்டால்டிஹைடு ஆகும். அடுத்து வேறொரு நொதி அதை அசிட்டிக் அமிலமாக்கும். அதை உடம்பு எரித்துவிடும். மெத்தனால் எத்தனாலைவிட ஒரே ஒரு கார்பன் குறைந்தது. குழிக்குள் அதுவும் நுழைகிறது. வேலையும் அதே வேலைதான், ஹைட்ரஜனைப் பறிப்பது. ஆனால் இந்த முறை கிடைப்பது ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து ஃபார்மிக் அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற மற்றொரு நொதியை ஃபார்மிக் அமிலம் முடக்குகிறது. அதிகம் ஆற்றல் கேட்கும் கண் நரம்பு முதலில் அடிபடுகிறது. குடித்த உடனே ஒன்றும் தெரியாமல், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், கண் மங்குவதற்குக் காரணம் இதுதான். நஞ்சு தயாராக அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

இதற்கான சிகிச்சை, கேட்பவரைச் சற்றுத் திகைக்க வைக்கும். மருத்துவமனையில் அளந்து எத்தனால் கொடுப்பார்கள். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பல மடங்கு ஈர்ப்பு அதிகம். எத்தனால் குழியை அடைத்துக்கொண்டிருக்க, மெத்தனால் தொடப்படாமலே சிறுநீரிலும் மூச்சிலும் டயாலிசிஸிலும் வெளியேறும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இன்னும் நேராக நொதியையே கட்டிப்போடும். இரண்டிலும் மருந்து விஷத்தைத் தொடுவதில்லை, விஷமாக்கும் வேலையைத்தான் நிறுத்துகிறது. நொதிகளைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதைத்தான் சொல்வேன்: நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது, ஒரு குறிப்பிட்ட வேலை மட்டும்தான் தெரியும்.

இந்த ஒற்றை உண்மையின்மேல்தான் நொதிகளின் வகைப்பாடு முழுவதும் நிற்கிறது. 1950-களின் நடுவில் நொதிகளின் பெயர்கள் பெரும் குழப்பமாக இருந்தன. கண்டுபிடித்தவர் வைத்ததே பெயர். ஒரே நொதிக்கு மூன்று ஆய்வகங்களில் மூன்று பெயர்; வெவ்வேறு நொதிகளுக்கு ஒரே பெயர். நிறத்தைப் பார்த்து ‘பழைய மஞ்சள் நொதி’ என்றுகூட ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். சர்வதேச உயிர்வேதியியல் ஒன்றியம் 1956-ல் ஒரு நொதி ஆணையத்தை அமைத்தது. கேம்பிரிட்ஜின் மால்கம் டிக்சன் அதன் தலைவர். 1961-ல் வந்த அறிக்கை 712 நொதிகளைப் பட்டியலிட்டது. இன்று அந்த எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது.

ஆணையம் எடுத்த முடிவு துணிச்சலானது. நொதி எந்த உயிரிலிருந்து வந்தது, எந்த வடிவம், எந்த மரபணு என்று எதையும் கேட்பதில்லை. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று விசாரிக்காமல் ‘என்ன வேலை பார்க்கிறாய்’ என்று மட்டும் கேட்கும் மனிதரைப் போன்ற பட்டியல் இது. எண்ணின் முதல் பகுதி வேலையின் பெரும் பிரிவு. இரண்டாவதும் மூன்றாவதும் எந்தப் பிணைப்பில், எதை வைத்து வேலை நடக்கிறது என்பது. நான்காவது வெறும் வரிசை எண். 1.1.1.1 என்றால்: எலக்ட்ரானை இடம் மாற்றும் பிரிவு, ஆல்கஹால் தொகுதிமேல் செயல்படுவது, என்.ஏ.டி. அல்லது அதன் உறவுப்பொருளிடம் ஒப்படைப்பது, அதில் முதலாவது.

இந்த முதல் பிரிவுக்கு ஆக்ஸிடோரிடக்டேஸ் என்று பெயர். ஒரு பொருளை ஆக்சிஜனேற்றினால் இன்னொன்றை ஒடுக்கியே ஆக வேண்டும்; எலக்ட்ரான் அந்தரத்தில் நிற்காது. அதனால்தான் இரட்டைப் பெயர். இந்தப் பிரிவின் வேலையைச் சமையலறையில் கண்ணாலேயே பார்க்கலாம். வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கினால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். செல்லுக்குள் ஃபீனால் பொருள்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற செம்பு கொண்ட நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது. மோர் கலந்த தண்ணீரில் போடும் வழக்கம் இரண்டு பக்கமும் அடைக்கிறது: தண்ணீர் காற்றைக் குறைக்கிறது, மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது. நீலகிரித் தேயிலை ஆலைகளில் இதே நொதியை வேண்டுமென்றே ஓடவிடுகிறார்கள். இலையை நசுக்கிப் பரப்பிவைக்கும் அந்தக் கட்டத்தை ‘ஃபெர்மென்டேஷன்’ என்று அழைக்கிறார்கள். ஆனால் இலையின் நிறத்தை மாற்றுவது நுண்ணுயிர் அல்ல, இலையின் சொந்த நொதிதான். கிரீன் டீ வேண்டுமென்றால் பறித்த கையோடு ஆவியிலோ சட்டியிலோ சூடுகாட்டி அந்த நொதியைக் கொன்றுவிடுவார்கள். சூட்டில் புரதத்தின் மடிப்பு கலைந்துவிடும். மடிப்பு போனால் குழி போயிற்று. குழி போனால் வேலை போயிற்று.

திருப்பூர் சாயப் பட்டறைகளில் ‘பெராக்சைடு கில்லர்’ என்று ஒரு சரக்கு வாங்குவார்கள். அதுவும் இந்தப் பிரிவுதான், கேட்டலேஸ். பின்னலாடைத் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பின் மிச்சமிருக்கும் பெராக்சைடு சாயத்தைக் கெடுக்கும். கேட்டலேஸ் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். திரும்பத் திரும்பச் சுடுதண்ணீரில் அலச வேண்டிய வேலை மிச்சம்.

இரண்டாம் பிரிவு டிரான்ஸ்ஃபரேஸ். ஒரு மூலக்கூறிலிருந்து ஒரு தொகுதியை எடுத்து மற்றொன்றில் ஒட்டுபவை. இந்தப் பிரிவைச் சேர்ந்த இரண்டு நொதிகளின் பெயர் ரத்தப் பரிசோதனைத் தாளில் பலரும் பார்த்ததுதான்: எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இப்போது ஆய்வகங்கள் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்றும் போடுகின்றன. ஏ.எல்.டி. செய்வது எளிய வேலை. அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியைக் கழற்றி வேறொரு அமிலத்துக்குக் கொடுக்கிறது. கைமாறும் நேரத்தில் அந்தத் தொகுதியைத் தாங்கிப் பிடிப்பது வைட்டமின் பி6-ன் ஒரு வடிவம். அமினோ தொகுதியை இழந்த அலனின் பைருவேட் ஆகும்; பட்டினி நேரத்தில் கல்லீரல் அதைக் குளுக்கோஸ் செய்யப் பயன்படுத்தும்.

ரத்தத்தில் இந்த நொதிக்கு ஒரு வேலையும் கிடையாது. அங்கே அது இருப்பது கல்லீரல் செல்லிலிருந்து கசிந்ததால். எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறது என்றால் நொதியில் கோளாறு என்று பொருளல்ல, அது குடியிருந்த செல்களுக்கு அடிபட்டிருக்கிறது என்று பொருள். ஏ.எஸ்.டி. இதயத்திலும் தசையிலும்கூட நிறைய உண்டு. கடுமையாக உடற்பயிற்சி செய்த மறுநாள் சோதித்தால் கல்லீரலில் குறையே இல்லாமல் அது கூடிக் காட்டலாம். உண்மையில், ஏ.எஸ்.டி. மருத்துவத்துக்குள் நுழைந்ததே இதயத்தின் வழியாகத்தான்: மாரடைப்புக்குப் பின் ரத்தத்தில் அது உயர்வதை 1954-ல் நியூயார்க்கில் கண்டார்கள்.

ஆய்வகம் இதை அளக்கும் விதம் எனக்கு எப்போதும் பிடித்தமானது. நொதியை எடை போடுவதில்லை. ரத்தச் சீரத்தில் அலனினையும் மற்ற அமிலத்தையும் கலந்து நொதியை வேலை செய்யவிடுகிறார்கள். உருவாகும் பைருவேட்டைப் பிடித்து லாக்டேட் ஆக்க, முதல் பிரிவைச் சேர்ந்த வேறொரு நொதியைத் தயாராக ஊற்றி வைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு பைருவேட்டுக்கும் ஹைட்ரஜனைச் சுமந்த என்.ஏ.டி.யான என்.ஏ.டி.எச். ஒன்றைச் செலவழிக்கும். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சும் பொருள். அது குறையக் குறையக் கரைசல் வழியே அதிக ஒளி ஊடுருவும். அந்த மாற்றத்தின் வேகத்தைக் கருவி படித்துச் சொல்வதே தாளில் இருக்கும் எண். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் வேலைக்கு ஒரு யூனிட். பெயர், எண், அளவு என எல்லாமே வேலையை வைத்துத்தான்.

பாஸ்பேட்டை ஒட்டும் கைனேஸ்களும் டிரான்ஸ்ஃபரேஸ்களே. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட புரத கைனேஸ்கள் உண்டு. செல்லுக்குள் எதை முடுக்குவது, எதை அணைப்பது என்பது பெரும்பாலும் இவற்றின் கையில். அவற்றில் ஒன்று நிற்காமல் ஓடுவதால் வரும் நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அது அந்த நொதியின் குழியை அடைக்கும் மருந்து.

மூன்றாம் பிரிவான ஹைட்ரோலேஸ், தண்ணீரை நுழைத்துப் பிணைப்பை உடைப்பது. செரிமானம் முழுவதும் இதன் ராஜ்ஜியம். ஆட்டுக்கறி வேக பப்பாளிக்காயைச் சேர்ப்பது பப்பைன் என்ற நொதிக்காக. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி சாதாரணக் கஞ்சியைவிட நீர்த்திருப்பது, முளைக்கும்போது விளைந்த அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டிவிடுவதால். 1833-ல் பாரிஸில் பேயனும் பெர்சோவும் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்தெடுத்ததும் இதைத்தான். தனியே பிரிக்கப்பட்ட முதல் நொதி அது. ஹைட்ரோலேஸுக்குத் தேவைப்படும் மறுபொருள் தண்ணீர் மட்டும். பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த துணைப்பொருளோ ஆற்றலோ வேண்டாம். தொழிற்சாலைகள் வாங்கும் நொதிகளில் பெரும்பங்கு இந்தப் பிரிவாக இருப்பது இதனால்தான். சோப்புத்தூளில் கறை எடுப்பதும், டி-ஷர்ட்டில் ‘பயோ வாஷ்’ என்று எழுதி விற்பதும் இவைதான். பயோ வாஷில் செல்லுலேஸ் பருத்தி நூலில் எழுந்து நிற்கும் பிசிறைக் கடித்து எடுத்துவிடும். நேரம் கூடிப்போனால் துணியையே தின்னத் தொடங்கும்.

இந்தப் பிரிவில் நின்று பார்க்க வேண்டிய ஒருவர் ஜேம்ஸ் சம்னர். 17 வயதில் வேட்டையின்போது குண்டு பட்டு இடது கை போனது. அவர் இடக்கைப் பழக்கக்காரர். ஒற்றைக் கையோடு வேதியியல் ஆய்வகத்தில் சமாளிக்க முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917-ல் அவர் தொட்ட பொருள் யூரியேஸ். யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும் நொதி. கழுவாத பொதுக் கழிப்பறையின் நெடிக்குப் பாக்டீரியாக்களிடம் உள்ள யூரியேஸே காரணம். நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் அவரையின் விதையில் அது நிறைய உண்டு. ஒன்பது ஆண்டு முயற்சிக்குப் பின், 1926-ல், அவரை மாவை நீர்த்த அசிட்டோனில் ஊறவைத்து வடித்து இரவு முழுவதும் குளிரில் வைத்தார். காலையில் நுண்ணோக்கியில் எட்டு முகம் கொண்ட சிறு படிகங்கள் தெரிந்தன. கரைத்துப் பார்த்தால் யூரியேஸ் வேலை கடுமையாக நடந்தது. படிகம் புரதமாக இருந்தது.

நொதி என்பது புரதம் என்று அன்று சொன்னால் ஏற்க ஆளில்லை. ஜெர்மனியின் வில்ஸ்டேட்டர் நோபல் பரிசு பெற்றவர். புரதம் வெறும் சுமைதாங்கி, உண்மையான நொதி அதில் ஒட்டியிருக்கும் வேறு ஏதோ என்பது அவர் பள்ளியின் கட்சி. அமெரிக்காவின் நார்த்ராப் 1930-ல் வயிற்று நொதியான பெப்சினைப் படிகமாக்கிய பிறகே காற்று மாறியது. சம்னருக்கு நோபல் 1946-ல் வந்தது. யூரியேஸின் வேலை நடக்கும் இடத்தில் நிக்கல் இருப்பது 1975-ல் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புரதத்தில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்று என்ற அந்தப் பழைய கட்சியில் ஒரு துளி உண்மை ஒளிந்திருந்தது.

நான்காவது லையேஸ், தண்ணீரும் இல்லாமல், ஆக்சிஜனேற்றமும் இல்லாமல் பிணைப்பைப் பிரிப்பவை. பூண்டை முழுப் பல்லாக வேகவைத்தால் இனிக்கும், தட்டிப் போட்டால் காரமாக நெடியடிக்கும். தட்டும்போது அல்லினேஸ் என்ற லையேஸ் தன் இரையான அல்லினைச் சந்திக்கிறது. நெடி அப்போது பிறப்பது. முழுதாக வெந்தால் சந்திப்பதற்கு முன்பே நொதி செத்துவிடும். லையேஸ்களில் வேகத்தின் உச்சமும் மந்தத்தின் உச்சமும் உண்டு. ரத்தச் சிவப்பணுவில் கரியமில வாயுவைத் தண்ணீரோடு சேர்த்தும் பிரித்தும் கொண்டிருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸின் ஒரு மூலக்கூறு விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் வினைகள் செய்யும். இலைகளில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ விநாடிக்கு ஒரு சில மட்டும். அதிலும் சில நேரம் தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். செடி இதைச் சரிக்கட்டும் ஒரு வழி, ரூபிஸ்கோவைக் குவித்து வைத்துக்கொள்வது. உலகின் உணவுக்கெல்லாம் அடிப்படையான இந்த இணைப்பு வேலை, பிரிப்பவர்கள் பிரிவில் பதிவாகியிருப்பது எனக்குச் சற்று வேடிக்கைதான். பட்டியல் வினையைப் பின்னிருந்து வாசித்திருக்கிறது.

நொதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் லையேஸ்தான் சாட்சி. மரபணு எழுத்துகளைச் செய்யும் பாதையில் ஒரு கார்பனைக் கழற்றும் வினை உண்டு. நொதியில்லாமல் விட்டால், பாதிப் பொருள் மாறவே ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டு ஆகும் என்று வட கரோலினாவில் வுல்ஃபெண்டனின் ஆய்வகம் 1995-ல் கணக்கிட்டது. நொதியின் குழிக்குள் அது விநாடிக்குப் பல முறை நடந்துவிடுகிறது. வினையின் நடுவே ஒரு கணம் தோன்றும் நிலையற்ற உருவத்தைக் குழி இறுகப் பற்றிக்கொள்கிறது. ஏற வேண்டிய ஆற்றல் மேடு அதனால் தாழ்கிறது. நொதி செய்வது அவ்வளவுதான். வினை எந்தச் சமநிலையில் போய் நிற்க வேண்டும் என்பதை அதனால் மாற்ற முடியாது.

ஐந்தாவது ஐசோமரேஸ், ஆறாவது லைகேஸ். ஐசோமரேஸ் ஒரு மூலக்கூறின் அணுக்களைக் கூட்டாமல் குறைக்காமல் மாற்றி அடுக்கும். சோளச் சர்க்கரைப் பாகில் குளுக்கோஸை இன்னும் இனிப்பான ஃபிரக்டோஸ் ஆக்குவது இது. முறுக்கேறிய டி.என்.ஏ.வை வெட்டி, முறுக்கு நீக்கி, மீண்டும் ஒட்டும் நொதிகளும் இங்கேதான். டி.என்.ஏ. அதே டி.என்.ஏ., முறுக்கு மட்டும் வேறு. பாக்டீரியாவின் இந்த நொதியைத்தான் சிப்ரோஃபிளாக்சசின் மாத்திரை முடக்குகிறது. லைகேஸ், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. போன்றவற்றைச் செலவழித்து இரண்டை ஒன்றாக்கும்; உடைந்த டி.என்.ஏ. இழையைத் தைப்பதும், ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் அதற்கான ஆர்.என்.ஏ.வில் ஏற்றிவிடுவதும் இதன் வேலை.

ஆறு பிரிவோடு பட்டியல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஆனால் ஒரு நெருடல் கூடவே இருந்தது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-ல் நண்டின் கால் நரம்பில் ஒரு நொதியைக் கண்டார். அது ஏ.டி.பி.யை உடைத்து, மூன்று சோடியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஏ.டி.பி. தண்ணீரால் உடைகிறதே என்று அதை ஹைட்ரோலேஸில் போட்டார்கள். வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம் என்ற பட்டியல், இங்கே வேலைக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. வயிற்றில் அமிலத்தை இறைக்கும் நொதிக்கும் இதே கதி. காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல் மாத்திரை நிறுத்துவது அந்த இறைப்பைத்தான், வெறும் ஏ.டி.பி. உடைப்பையல்ல. ஏ.டி.பி. சிந்தேஸ் இன்னும் மோசமான உதாரணம். புரோட்டான்கள் சவ்வைக் கடக்கும் விசையில் சுழன்று ஏ.டி.பி.யை உருவாக்குவதுதான் அதன் பிழைப்பு. சுழல்வதை 1997-ல் ஜப்பானில் நுண்ணோக்கியில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். பட்டியலோ அதை ஏ.டி.பி. உடைப்பவற்றோடு வைத்திருந்தது.

2018 ஆகஸ்டில் ஏழாவது பிரிவு வந்தது: டிரான்ஸ்லொகேஸ், அயனிகளையோ மூலக்கூறுகளையோ சவ்வைக் கடத்துபவை. ஏ.டி.பி. சிந்தேஸ் 3.6.3.14-லிருந்து 7.1.2.2-க்குக் குடிபெயர்ந்தது. முதல் பிரிவில் இருந்த சைட்டோகுரோம் ஆக்சிடேஸும் 1.9.3.1-ஐ விட்டு 7.1.1.9 ஆனது; எலக்ட்ரானைக் கைமாற்றும்போது அது புரோட்டானையும் இறைக்கிறது என்பதால். காலியான பழைய எண்கள் வேறு யாருக்கும் தரப்படுவதில்லை. பழைய ஆய்வுக்கட்டுரையைப் படிப்பவர் தடுமாறக் கூடாது அல்லவா.

வேலையை மட்டும் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. மனிதரிடம் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸும், இலைகளில் உள்ளதும், சில தொல்நுண்ணுயிர்களில் உள்ளதும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத புரதங்கள். பரிணாமம் அவற்றைத் தனித்தனியே உருவாக்கியது. மூன்றுக்கும் 4.2.1.1 என்ற ஒரே எண். எண்ணை வைத்து வம்சாவளி தேடப் போனால் ஏமாற்றம்தான்.

வேலையை மட்டும் பார்க்கும் இந்த முறையின் எல்லையை 3.1.26.5 என்ற எண் காட்டுகிறது. ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையிலிருந்து மிகுதியை நறுக்கும் ஹைட்ரோலேஸ் அது. பாக்டீரியாவில் இந்த நறுக்கலைச் செய்வது அதன் புரதப் பகுதியல்ல, ஆர்.என்.ஏ. பகுதி என்று சிட்னி ஆல்ட்மனின் குழு 1983-ல் காட்டியது. புரதம் அல்லாததும் நொதியாகலாம் என்ற கண்டுபிடிப்புக்காக அவரும் தாமஸ் செக்கும் 1989-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் 2008-ல், மனித மைட்டோகாண்ட்ரியாவில் அதே நறுக்கலைச் செய்யும் நொதியில் ஆர்.என்.ஏ.வே இல்லை, மூன்று புரதங்கள் மட்டும்தான் என்று தெரிந்தது. ஒன்று ஆர்.என்.ஏ., மற்றது புரதம். வெட்டுவது இரண்டும் அதே பிணைப்பை. பட்டியலில் இரண்டும் அதே 3.1.26.5-தான்.